முயல் படம் போட்டதா, போடாததா: யாழ்ப்பாணத்தில் அழகுசாதனம் வாங்கப் புதிதாக யோசிப்பவர்களுக்கு

விலங்குகளில் சோதிக்காத அழகுசாதனத்துக்கு மாற நினைப்பவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் இருக்கும் எதையும் குப்பையில் போடாதீர்கள்.

காரணம் இருக்கிறது. அக்காவின் மகள் பல்கலைக்கழகத்துக்குப் போகத் தொடங்கிய முதல் வருடம், முயல்களை வரிசையாகக் கழுத்தில் பூட்டிவைத்துக் கண்ணில் மருந்து விடும் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தாள். அன்று பின்னேரமே வீட்டிலிருந்த கிறீம், பவுடர், ஷாம்பு, அக்காவின் தலைமயிர்ச் சாயம் எல்லாவற்றையும் ஒரு சீமெந்துப் பையில் கட்டிப் படலைக்கு வெளியே வைத்துவிட்டாள். அக்கா வேலையால் வந்து பையை அவிழ்த்து, ஒவ்வொன்றாகச் சேலைத் தலைப்பால் துடைத்து உள்ளே எடுத்து வைத்தாள். மூன்று நாள் தாயும் மகளும் கதைக்கவில்லை. நான்காம் நாள் பெறாமகள் என்னிடம் வந்தாள்.

"சின்னம்மா, நான் செய்தது பிழையா?"

நோக்கம் சரி, தொடங்கிய இடம்தான் பிழை என்றேன். அந்தக் கிறீமுக்காக ஏதாவது ஒரு முயல் துன்பப்பட்டிருந்தால், அது எப்போதோ முடிந்த காரியம். எறிந்தால் முயலுக்கு ஒன்றும் திரும்பிக் கிடைக்காது. அக்கா அடுத்த நாளே கடைக்குப் போய் அதே கிறீமை மறுபடி வாங்குவாள், கொம்பனிக்கு இரண்டாவது தடவையும் காசு போகும். அன்று அவளுக்குச் சொன்னதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

தட்டில் இருப்பதை எழுதிப் பாருங்கள்

ஒரு கொப்பியை எடுத்து, குளியலறையிலும் கண்ணாடி மேசையிலும் இருக்கும் எல்லாவற்றையும் எழுதுங்கள். பக்கத்தில், எத்தனை நாளில் தீரும் என்பதையும் எழுதுங்கள். இந்த இரண்டாவது நிரல்தான் முக்கியம்.

புதிதாக இறங்குபவர்கள் எல்லோரும் லிப்ஸ்டிக்கில் தொடங்குகிறார்கள். காணொளிகள் அதைத்தான் காட்டுகின்றன. ஐந்து பேர் உள்ள எங்கள் வீட்டில் லிப்ஸ்டிக் வருடத்துக்கு ஒன்று, அதுவும் கலியாண வீடுகள் கூடிய வருடத்தில். சவர்க்காரமோ மாதம் ஏழெட்டுக் கட்டி கரைகிறது. பற்பசை, ஷாம்பு, உடுப்புத் தோய்க்கும் தூள் எல்லாம் அதே கணக்குத்தான். உங்கள் காசு எங்கே போகிறதோ அங்கே தொடங்குங்கள். ஒரு சாமான் தீரும்போது அந்த ஒன்றுக்கு மட்டும் மாற்றுத் தேடினால் போதும். எல்லாவற்றையும் ஒரே கிழமையில் மாற்ற நினைப்பவர்கள் இரண்டாம் கிழமையே அலுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்ட மூன்று பேரை எனக்குத் தெரியும், அதில் ஒருத்தி நான்.

பட்டியலில் மருந்துகளைச் சேர்க்க வேண்டாம். வைத்தியர் எழுதித் தந்த களிம்பு, கண்ணுக்கு விடும் துளி, குழந்தையின் தோல் மருந்து ஆகியவை வேறு சட்டங்களின் கீழ் வருபவை. மருந்துகள் மனிதருக்குக் கொடுக்கப்படும் முன் பல படிகளில் சோதிக்கப்படுகின்றன, அவற்றில் விலங்குச் சோதனையும் இருந்துவந்திருக்கிறது. அதற்காக மருந்தை நிறுத்துவது மடமை.

முயலுக்கு முன் கண்ணை இழந்தவர்கள்

கோபம் வந்த பிறகு வரலாற்றைப் படிப்பது கஷ்டம். ஆனாலும் இதைப் படித்துவிடுங்கள், ஏனென்றால் கதை முயலில் தொடங்கவில்லை.

1933 அளவில் அமெரிக்காவில் லாஷ் லூர் என்ற இமைச் சாயம் விற்கப்பட்டது. அதிலிருந்த சாயப்பொருள் பரபீனைலீன்டயமைன். அதைப் பூசிய பெண்களுக்குக் கண் வெந்து புண்ணாகியது, சிலருக்குப் பார்வை போனது, ஒருவர் இறந்தும் போனார். அந்தக் காலத்தில் அழகுசாதனத்தைத் தடுத்து நிறுத்த அந்த நாட்டில் சட்டமே இல்லை. 1938 இல்தான் சட்டம் வந்தது. அதன் பின், 1944 இல், அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகத்தில் பணியாற்றிய ஜோன் டிரெய்ஸ் என்ற நச்சியலாளர் முயலின் கண்ணிலும் தோலிலும் பொருளைப் பூசி, எவ்வளவு சிவக்கிறது, எவ்வளவு வீங்குகிறது, எவ்வளவு மங்குகிறது என்று புள்ளி போடும் முறையை வகுத்தார். ஒரு கண்ணில் பொருள், மற்றக் கண் ஒப்பிட்டுப் பார்க்க. முயல் காலால் துடைத்துவிடாதபடி தலை மட்டும் வெளியே தெரியும் பெட்டியில் அடைத்து, நாட்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முயலைத் தேர்ந்தெடுத்தது கண் பெரிது, குணம் சாது, விலை மலிவு என்பதால்.

பெண்களைக் காப்பாற்ற வந்த முறை முயல்களின் தலையில் விடிந்தது. இந்த இரண்டு பக்கமும் தெரிந்தால்தான் கீழே வரும் வெள்ளையாக்கும் கிறீம் பகுதி உங்களுக்குப் புரியும்.

1980 இல் ஹென்றி ஸ்பைரா என்ற ஆசிரியர் நியூயோர்க்கில் தொடங்கிய இயக்கம் பெரிய அழகுசாதன நிறுவனங்களை மாற்று முறைகளுக்குப் பணம் ஒதுக்க வைத்தது. இன்று ஆய்வுகூடத்தில் மனிதக் கலங்களிலிருந்து வளர்த்த தோல் தாளைப் பாவித்து, எரிச்சல் உண்டாகுமா என்று பார்க்கிறார்கள். கண்ணுக்கு, இறைச்சிக்கு வெட்டிய மாட்டின் விழிவெண்படலத்தைப் பாவிக்கும் முறையும் ஒன்று. ஆம், "விலங்கில் சோதிக்கவில்லை" என்ற சொல்லுக்குப் பின்னால் சில வேளைகளில் கொல்களமும் நிற்கிறது. சுத்தமான கை யாருக்கும் இல்லை என்பதை ஆரம்பத்திலேயே பழகிக்கொண்டால் பிறகு மனம் உடையாது.

சட்டங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியம் 2004 இல் முடிவுப்பொருளை விலங்கில் சோதிப்பதையும், 2009 இல் மூலப்பொருளைச் சோதிப்பதையும் தடை செய்தது. 2013 மார்ச் 11 முதல் அப்படிச் சோதித்த அழகுசாதனங்களை அங்கே விற்கவும் முடியாது. இந்தியா 2014 இல் சோதனையையும், அதே வருட நவம்பரிலிருந்து அப்படிச் சோதித்தவற்றின் இறக்குமதியையும் தடுத்தது. நமது கடைகளில் இந்தியச் சாமான்கள் நிறைந்து கிடப்பதால் இது நமக்கு உதவும் செய்தி. சீனா நீண்ட காலமாக இறக்குமதி அழகுசாதனங்களுக்கு விலங்குச் சோதனையைக் கட்டாயமாக்கியிருந்தது. 2021 மே 1 முதல் சாதாரண வகைகளுக்கு, உற்பத்தித் தரச் சான்றும் பாதுகாப்பு மதிப்பீடும் காட்டினால் விலக்கு உண்டு. தலைமயிர்ச் சாயம், வெயில் காப்புக் கிறீம் போன்ற விசேட வகைகளுக்கு அந்த விலக்கு இல்லை.

ஐரோப்பாவில் செய்தது என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அங்கே இரசாயனப் பொருட்களுக்கென்று வேறொரு சட்டம் இருக்கிறது. தொழிற்சாலையில் வேலை செய்பவர்களின் பாதுகாப்புக்காக அது சோதனை கேட்கலாம். வெயில் காப்புக் கிறீமில் சேரும் இரண்டு பொருட்களுக்கு அப்படிக் கேட்டது செல்லும் என்று 2023 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. ஒரு சட்டம் தடுத்ததை இன்னொரு சட்டம் கேட்கிறது.

பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

பெறாமகளுடன் முதன்முதலில் யாழ்ப்பாண நகரின் பெரிய கடைத் தெருப் பக்கம் போன நாள் நினைவிருக்கிறது. பான்சிப் பொருட்கள் விற்கும் சின்னக் கடை, நிலத்திலிருந்து கூரை வரை போத்தல்கள். இவள் முதலாளியிடம் விலங்குகளில் சோதிக்காத முகக் கிறீம் இருக்கிறதா என்று கேட்டாள். அவர் கொஞ்சநேரம் யோசித்தார்.

"முயல் படம் போட்டதும் இருக்கிறது தங்கச்சி, போடாததும் இருக்கிறது. போட்டது நூற்றைம்பது ரூபா கூட. எது வேண்டும்?"

சிரிப்பு வந்தாலும், அவர் கேட்டதில் ஒரு பாடம் இருந்தது. முயல் படம் யாரும் போடலாம். அது வெறும் படம். "விலங்குகளில் சோதிக்கப்படவில்லை" என்ற வசனமும் அப்படித்தான். அமெரிக்காவில் இந்தச் சொற்களுக்குச் சட்ட வரைவிலக்கணமே கிடையாது. முடிவுப்பொருளைச் சோதிக்காமல், உள்ளே போன மூலப்பொருளை இன்னொரு கொம்பனி சோதித்திருந்தாலும் இந்த வசனத்தை எழுதிவிடலாம்.

பொருள் உள்ள அடையாளங்கள் சிலதான். லீப்பிங் பனி என்ற முத்திரை, அதாவது பாயும் முயல், அவற்றில் இறுக்கமானது. குறிப்பிட்ட ஒரு திகதிக்குப் பின் மூலப்பொருள் தருபவர் வரைக்கும் சோதனை இல்லை என்று கொம்பனி காட்ட வேண்டும், வெளியார் கணக்குப் பார்ப்பார்கள், வருடாவருடம் உறுதிமொழியைப் புதுப்பிக்க வேண்டும். பீட்டா அமைப்பின் முயல் அடையாளம் கொம்பனி எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியை நம்பித் தரப்படுவது. பீட்டா என்ற பெயரைக் கேட்டதும் ஜல்லிக்கட்டு நினைவு வந்து முகம் சுளிப்பவர்கள் இங்கும் நிறையப் பேர். அந்தக் கோபம் அந்தப் பக்கம் இருக்கட்டும், பட்டியல் இந்தப் பக்கம் பயன்படட்டும். இரண்டு அமைப்புகளின் பட்டியல்களையும் கைத்தொலைபேசியில் கொம்பனிப் பெயர் போட்டுத் தேடலாம். பெட்டியில் உள்ள படத்தை நம்பாமல் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

இனிக் கடையில் நின்று செய்ய வேண்டியது. இறக்குமதிச் சாமான்களில் இறக்குமதியாளர் பெயரும் அதிகூடிய சில்லறை விலையும் அச்சிட்ட வெள்ளை ஒட்டி ஒன்று இருக்கும். அது எப்போதும் சேர்மானப் பட்டியலுக்கு மேலேதான் ஒட்டப்பட்டிருக்கும், என்ன மாயமோ தெரியாது. நகத்தால் ஒரு மூலையை மெல்லக் கிளப்பினால் அடியில் எழுத்துத் தெரியும். எழுத்து எறும்பை விடச் சிறியது, எனவே கைத்தொலைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். முதலாளி முறைத்தால், வாங்கத்தான் பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். கிழியும்படி மட்டும் இழுக்காதீர்கள், அவருக்கும் அதில்தான் பிழைப்பு.

பார்கோட்டைப் பார்த்து நாட்டைக் கண்டுபிடிக்கலாம் என்று ஒரு கதை உலாவுகிறது. 479 என்றால் இலங்கை, 890 என்றால் இந்தியா என்பது உண்மைதான். ஆனால் அது எந்த நாட்டில் அந்த எண் பதிவாயிற்று என்பதை மட்டும் சொல்லும். எங்கே செய்யப்பட்டது, எங்கே சோதிக்கப்பட்டது என்பதைச் சொல்லாது.

இன்னும் இரண்டு குழப்பங்கள். வீகன் என்று எழுதியிருந்தால் விலங்கிலிருந்து எடுத்த பொருள் உள்ளே இல்லை என்று அர்த்தம், சோதனை பற்றி அது வாய் திறப்பதில்லை. ஹலால் முத்திரையும் சேர்மானத்தையும் தயாரிப்பையும் பற்றியதுதான். மறுபுறம், சோதனை இல்லை என்ற முத்திரை பெற்ற லிப்ஸ்டிக்கின் சிவப்பு பூச்சியிலிருந்து வந்திருக்கலாம். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டையும் தனித்தனியே தேட வேண்டும்.

தாய்க் கொம்பனிச் சிக்கல்

த பொடி ஷொப்பை எடுத்துக்கொள்வோம். 1976 இல் அனிதா ரொடிக் பிரைட்டனில் திறந்த சின்னக் கடை. விலங்குச் சோதனைக்கு எதிரான குரல் என்றால் பல வருடம் அந்தப் பெயர்தான். 2006 இல் லோரியல் அதை வாங்கியது. அப்போது சீனாவில் வியாபாரம் செய்த பெரிய நிறுவனத்தின் கைக்கு அந்தக் கடையின் இலாபம் போனது, கடையின் கொள்கை மட்டும் மாறவில்லை. 2017 இல் பிரேசிலின் நட்டுராவுக்கு விற்றார்கள், 2023 இல் இன்னொரு கைக்கு மாறியது. அந்தப் பதினொரு வருடம் அங்கே சாமான் வாங்கியவர் செய்தது சரியா, பிழையா?

நமது கடைகளுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு டவ். அதற்கு 2018 இல் பீட்டா அங்கீகாரம் கொடுத்தது. அதன் தாய் யூனிலீவர், வேறு எத்தனையோ பெயர்களில் விற்கும் நிறுவனம்.

இதற்கு ஒரே விடை கிடையாது, ஆனால் உங்கள் விடையைக் கடைக்குப் போகுமுன் தீர்மானியுங்கள். தட்டுக்கு முன் நின்று தீர்மானித்தால் கடைசியில் விலைதான் வெல்லும். என்னுடைய முடிவு: சோதிக்காத பெயருக்குக் காசு கொடுத்தால், தாய்க் கொம்பனியின் கணக்குப் புத்தகத்தில் அந்தப் பெயருக்குக் கீழே இலாபம் ஏறும். வியாபாரிக்கு அந்த மொழிதான் விளங்கும். பெறாமகளுக்கு இது உடன்பாடில்லை. தாய் சோதித்தால் பிள்ளையையும் தொட மாட்டாள். அவளுடைய தட்டில் இப்போது நான்கு சாமான்தான் இருக்கிறது, அவளுக்கு வயது இருபது, தோலும் அதற்கு ஒத்துழைக்கிறது.

விலை பற்றி ஒரு சொல். 2022 ஓகஸ்டில் அரசாங்கம் 300க்கும் அதிகமான பொருட்களின் இறக்குமதியை நிறுத்தியபோது ஷாம்புவும் வாசனைத் திரவியமும் அதில் இருந்தன. அந்த நேரம் கடையில் இருந்ததைத்தான் எல்லோரும் வாங்கினோம். தட்டில் ஒன்றே ஒன்று இருக்கும்போது தெரிவு என்ற பேச்சுக்கு இடமில்லை. சின்னப் பக்கெட் ஷாம்பு வாங்கித் தலை முழுகும் வீட்டுக்குப் போய் முயல் கதை சொல்லாதீர்கள்.

முயலில் பார்க்காத கிறீம்

இந்தப் பகுதியை மட்டும் படித்துவிட்டு மிச்சத்தை விட்டாலும் எனக்குக் கவலையில்லை.

கைத்தொலைபேசிப் பக்கங்களில், தெரிந்தவரின் தெரிந்தவர் மூலம், சில வேளை அழகு நிலையத்திலேயே, பெயரில்லாத வெள்ளை டப்பாவில் கிறீம் விற்கிறார்கள். ஒரு கிழமையில் வெள்ளை, கலியாணத்துக்கு முன் பூசுங்கள், இயற்கையானது, விலங்கில் சோதிக்கவில்லை. கடைசிச் சொல் உண்மையாகவே இருக்கலாம். அது எதிலும் சோதிக்கப்படவில்லை. பூசும் பிள்ளைதான் சோதனை முயல், பெட்டியில் பூட்ட வேண்டிய தேவையும் இல்லை, காசும் அவளே கொடுக்கிறாள்.

தோலை வேகமாக வெளுக்க வைக்கும் கிறீம்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கும். அது தோல் வழியாக உடலுக்குள் போய்ச் சிறுநீரகத்தையும் நரம்புகளையும் கெடுக்கும். பூசியவரின் தலையணை, துவாய், கை வழியாக வீட்டுக் குழந்தைக்கும் போகும். வேறு சிலவற்றில் ஸ்டீரொயிட் இருக்கும். முதலில் முகம் பளிங்குபோல் ஆகும், பிறகு தோல் மெலிந்து, நிறுத்திய உடனே சிவந்து எரியும். பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை 2017 இல் நடைமுறைக்கு வந்தபோது அழகுசாதனத்தில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று எல்லை வைத்தது. 2023 இல் கூடிய நாடுகள், 2025 உடன் பாதரசம் சேர்த்த அழகுசாதனத்தை முழுவதுமாக ஒழிப்பதென்று முடிவு செய்தன.

பாதரசத்தைக் கண்ணால் காண முடியாது, ஆனால் ஒரு துப்பு உண்டு. "தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பாவிக்கவும்" என்று எங்காவது எழுதியிருந்தால், அல்லது விற்பவர் வாயால் சொன்னால், அந்த டப்பாவை வைத்துவிட்டு வெளியே வாருங்கள். பாதரசம் தங்கத்தோடு கலந்து அதை வெளிறச் செய்யும். தாலிக்கொடிக்கு ஆகாதது கழுத்துக்கு எப்படி ஆகும்? சேர்மானப் பட்டியல் இல்லை, தயாரிப்பாளர் முகவரி இல்லை, இறக்குமதியாளர் ஒட்டி இல்லை என்றாலும் அதே முடிவுதான். முறைப்பாடு செய்ய நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கம் இருக்கிறது.

இன்னொன்று கலியாண வீட்டில் கையில் போடும் கறுப்பு மருதோன்றி. மருதோன்றி இலை செம்மையும் மண்நிறமும் தரும், ஒருபோதும் கன்னங்கரேல் என்று பிடிக்காது. கறுப்பாகப் பிடிக்கிறதென்றால் உள்ளே தலைமயிர்ச் சாயம் கலந்திருக்கிறது. எது? மேலே சொன்ன அதே பரபீனைலீன்டயமைன். தொண்ணூறு வருடத்துக்கு முன் கண்ணைக் கெடுத்த பொருள் இன்று கோன் பையில் வந்து மணப்பெண்ணின் புறங்கையில் கொப்புளம் போடுகிறது. தலைமயிர்ச் சாயப் பெட்டியில் அது முறையாக அளவு பார்த்துச் சேர்க்கப்பட்டிருக்கும். அதையும் பூசுவதற்கு இரண்டு நாள் முன் முழங்கையின் உட்புறத்தில் ஒரு துளி வைத்துப் பாருங்கள். இந்தச் சோதனைக்கு விலங்கு தேவையில்லை, பொறுமைதான் தேவை.

எனவே "சோதிக்கவில்லை" என்பதை மட்டும் தேடாதீர்கள். "விலங்கில் இல்லை, ஆனால் வேறு வழியில் பார்த்தோம்" என்று யார் காட்டுகிறார்களோ அவர்களைத் தேடுங்கள்.

நல்லூர்த் திருவிழாவும் மாட்டுக் கொழுப்பும்

நல்லூரில் கொடி ஏறினால் எங்கள் ஒழுங்கையில் மீன்காரரின் சைக்கிள் மணி கேட்காது. சட்டி பானை மாற்றி, இருபத்தைந்து நாளும் மரக்கறிதான். அப்படியொரு காலையில் குளித்துவிட்டு வந்து, ஏதோ நினைப்பில் சவர்க்காரக் கடதாசியைப் படித்தேன். முதலாவது பெயர் சோடியம் டாலோவேட். டாலோ என்றால் மாடு, ஆடு போன்றவற்றின் கொழுப்பு. விரதம் பிடித்துக்கொண்டு அதைத்தான் இத்தனை நாள் உடம்பெல்லாம் தேய்த்திருக்கிறேன்.

எல்லாச் சவர்க்காரமும் அப்படியில்லை. சோடியம் பாமேட் என்றால் பாமாயில், சோடியம் கோகோவேட் என்றால் தேங்காயெண்ணெய். பாமாயில் நமது பனையிலிருந்து வருவதல்ல, முள்ளுத்தேங்காயிலிருந்து வருவது. காட்டை அழிக்கிறது, நிலத்தடி நீரைக் குடிக்கிறது என்று 2021 இல் அரசாங்கமே அந்தப் பயிருக்கும் இறக்குமதிக்கும் தடை போட்டது நினைவிருக்கும். கொழுப்பை விட்டால் பாமாயில், பாமாயிலை விட்டால் தேங்காயெண்ணெய், அதன் விலையோ எல்லோருக்கும் தெரியும். நான் தேங்காயெண்ணெய் அடிச் சவர்க்காரத்துக்கு மாறி, ஒரு கட்டியை இரண்டாக வெட்டி வைத்துப் பாவிக்கிறேன். ஈரத்தில் கரைந்து வீணாவது பாதி குறைந்தது.

தேடினால் தெரியும் வேறு பெயர்கள்: கார்மைன், அல்லது 75470 என்ற இலக்கம், சப்பாத்திக் கள்ளியில் வாழும் பூச்சியின் சிவப்பு, ஒரு இறாத்தல் சாயத்துக்கு ஏறக்குறைய எழுபதாயிரம் பூச்சிகள். லனோலின் செம்மறி ஆட்டு உரோமத்தின் மெழுகு. ஸ்குவாலீன் சுறாவின் ஈரலிலிருந்தும் வரும், ஒலிவிலிருந்தும் வரும். கிளிசரின் எதிலிருந்தும் வரலாம், கொம்பனியைக் கேட்டால்தான் தெரியும்.

வெளிநாட்டுக் கொம்பனியைத் திட்டிக்கொண்டிருக்கும்போது நமது அலுமாரியையும் திறந்து பார்க்க வேண்டும். குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் கோரோசனை மாட்டின் பித்தக்கல். சுவாமிக்குச் சாத்தும் புனுகு புனுகுப் பூனையிலிருந்து எடுப்பது, கஸ்தூரி மானிலிருந்து. கூறைச் சேலையின் பட்டுக்குப் புழுவைக் கொதிநீரில் போடுகிறார்கள். பெறாமகளிடம் கூறைச் சேலை பற்றிக் கேட்டேன். அதை அப்போது பார்ப்போம் சின்னம்மா என்றாள்.

வீட்டு முறைகள் சிலவற்றுக்குத் திரும்பலாம், எல்லாவற்றுக்கும் வேண்டாம். பயற்றம் மா முகத்துக்கும் உடம்புக்கும் நன்றாகவே வேலை செய்கிறது. அரைத்து ஒரு கிழமைக்கு மேல் வைத்தால் குளியலறை ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், எனவே சின்னப் போத்தலில், உலர்ந்த கரண்டியுடன் வையுங்கள். சீயாக்காயும் செவ்வரத்தை இலையும் தலைக்கு நல்லவை, கண்ணில் பட்டால் முயலின் நிலை உடனே விளங்கும். தேசிக்காய்ச் சாற்றை முகத்தில் பூசி வெயிலில் போகாதீர்கள், தோல் கருகும்.

அம்மாவிடம் இதெல்லாம் சொன்னபோது அவர் சிரித்தார். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது சவர்க்காரம் கிடைக்காமல் பனம்பழத்தைப் பிசைந்து அந்தக் களியில் உடுப்புத் தோய்த்தவர் அவர். உடுப்பெல்லாம் பனம்பழ மணம், மாடு பின்னால் வரும் என்பார். இன்று அவருக்குப் பிடித்த வாசனைச் சவர்க்காரம் ஒன்று இருக்கிறது. அதன் கடதாசியை நான் படித்துக் காட்டவில்லை. படித்துக் காட்டப் போவதும் இல்லை.

கடிதமும் பெட்டியும்

உள்ளூர்த் தயாரிப்புகளில் பலவற்றுக்கு எந்த முத்திரையும் இருக்காது. அதனால் அவர்கள் சோதிக்கிறார்கள் என்று ஆகாது, முத்திரைக்குச் செலவழிக்காமலும் இருக்கலாம். நேரடியாக எழுதிக் கேளுங்கள். கேள்வி மூன்றுதான். முடிவுப்பொருளை நீங்களோ உங்கள் சார்பில் வேறு யாருமோ விலங்கில் சோதிக்கிறீர்களா? மூலப்பொருள் தருபவர்களிடம் இதுபற்றி எழுத்தில் உறுதி வாங்கியிருக்கிறீர்களா? சட்டப்படி சோதனை கேட்கும் நாட்டுக்கு ஏற்றுமதி செய்கிறீர்களா? "நாங்கள் சட்டத்தை மதிக்கிறோம்" என்று மட்டும் பதில் வந்தால் அது பதில் அல்ல. பதிலே வராவிட்டால் ஒரு மாதம் கழித்து மறுபடி எழுதுங்கள். ஒரு கொம்பனியிலிருந்து எனக்கு இரண்டாம் கடிதத்துக்கு, தங்களுக்கே தெரியாது, விசாரித்துச் சொல்கிறோம் என்று பதில் வந்தது. வந்த பதில்களில் எனக்குப் பிடித்தது அதுதான்.

கடைசியாக, வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டி. திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். பெட்டி திறந்ததும் கிறீம், பவுடர், வாசனைத் திரவியம் ஆளாளுக்குப் பங்கு. அன்பாகக் கொண்டு வந்ததை, இது முயலில் சோதித்தது என்று தள்ளி வைத்தால் பத்து வருடத்துக்குக் கதை ஆகும். வாங்குங்கள், பாவியுங்கள். அடுத்த முறைக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர்கள் வாழும் நாடுகளில் முத்திரை போட்ட சாமான் நமக்குக் கிடைப்பதைவிடச் சுலபமாகவும், பல வேளை மலிவாகவும் கிடைக்கும். வேண்டாம் என்று சொல்வதைவிட இதைக் கொண்டு வாருங்கள் என்று பெயர் சொல்லிக் கேட்பது நல்லது.

போன வருடம் மச்சாளுக்கு ஒரு மாதம் முன்பே இரண்டு பெயர்களும் பாயும் முயலின் படமும் அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"சரி மச்சாள், வாங்கி வருகிறேன். சொக்லேட் கொண்டு வரலாமா, அதிலும் ஏதாவது இருக்கிறதா?"

மினுக்கமான உருண்டைகள் வேண்டாம், அதில் பூச்சி அரக்குப் பூசியிருப்பார்கள் என்று எழுதினேன். அனுப்பப் போன கையை நிறுத்தி, எல்லாவற்றையும் அழித்துவிட்டு, கொண்டு வாருங்கள் என்று மட்டும் அனுப்பினேன்.